எனக்காகச் சொன்ன செபமாலையும் நான் எழுதிய தேர்வும்

நமக்காக மற்றவர்கள் செய்யும் செபமே நமக்கு இடைஞ்சலாகிவிட்டால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? செபித்தவர்களிடமா, செபத்தைக் கேட்டவரிடமா? பல மாதங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியோடு திண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் ஆண்டவர் எனக்கு ஓர் உதவி செய்தார். அதைச் சொல்லத்தான் நம் பங்கு மக்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இதற்கும் இரண்டு வாரம் யோசித்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

என் பெயர் கிளாரா. கணவர் பிரின்ஸ், நான்கு வயது மகள் மிரா, என் மாமியார் ஆகியோரோடு சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் வசிக்கிறேன். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். லிட்டில் இந்தியாவில், நகைக்கடைக்கு மேல் மாடியில் உள்ள ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளர்கள் அங்கே வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நான் வக்கீலுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். வக்கீல் ஆங்கிலத்தில் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வேன். அவர்கள் வக்கீலின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "அக்கா, நீங்க என்னா நினைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். எனக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்படிப் பல வருடம் நடுவில் நின்ற பிறகுதான் சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

அதற்கு முதலில் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சட்டத்தைப் பற்றி அதில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீண்ட பத்திகளைக் கொடுத்து, இந்த வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேட்பார்கள். நேரம் மிகக் குறைவு. கவனம் ஒரு நிமிடம் சிதறினால் பிடிப்பது கஷ்டம். மிராவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும்போது ரயிலில் படித்தேன். மதிய உணவு நேரத்தில் படித்தேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து மாதிரித் தேர்வுகள் எழுதினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

தேர்வைக் கடந்த நவம்பரில் வீட்டிலிருந்தே எழுதினேன். கணினியில் எழுதுவது. எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு மேற்பார்வையாளர் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார், மைக் வழியாகக் கேட்டுக்கொண்டும் இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பிரின்ஸ் மிராவைப் பூங்காவுக்கு அழைத்துப் போய்விட்டார். அத்தை, "நீ கவலையே படாதே, நான் டிவி கூட போட மாட்டேன்" என்றார்.

அவர் டிவி போடவில்லை. செபக் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்.

அத்தையின் செபக் குழுவை உங்களில் பலருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் மருத்துவமனையிலேயே கூடிவிடுவார்கள். பரீட்சை, பிரசவம், பெண் பார்க்க வருவது, எதுவானாலும் அந்த நேரத்துக்கு, முடிந்தவரை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து செபிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த அன்பில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மிரா பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

தேர்வின் முதல் பகுதியில் நான் எதையும் கவனிக்கவில்லை. இரண்டாவது பகுதி தொடங்கியபோது கதவுக்கு வெளியே முணுமுணுப்பு கேட்டது. மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் செபமாலை உங்களுக்குத் தெரியும். ஒருவர் முன் பாதியைச் சொன்னால் எல்லாரும் சேர்ந்து பின் பாதியைச் சொல்வார்கள். போகப் போகச் சூடு பிடிக்கும். குழுவில் ஒருவரான ரீட்டா ஆன்ட்டி நடுவில் பாட்டை எடுத்துவிட்டார்.

திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி திறந்தது. மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: குரல்கள் கேட்கின்றன, உங்களோடு யாராவது இருக்கிறார்களா? இல்லை என்று பதில் எழுதினேன். அப்படியானால் அது என்ன சத்தம் என்று கேட்டார். என் குடும்பத்தார் பக்கத்து அறையில் செபிக்கிறார்கள் என்று எழுதினேன். பிறகு கேமராவைத் திருப்பி அறை முழுவதையும் காட்டச் சொன்னார். கட்டில், அலமாரி, சுவரில் சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம், எல்லாவற்றையும் காட்டினேன். நான் தவறு ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் கட்டிலுக்கு அடியையும் காட்டினேன். அவர்களைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். எழுந்து போக அனுமதியும் கொடுத்தார்.

நான் எழுந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். அத்தை கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் வியர்வை. ரீட்டா ஆன்ட்டி மட்டும் என்னைப் பார்த்தார். செபத்தில் பலம் பெற வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, இன்னும் சத்தமாகப் பாடினார்.

எனக்காக மன்றாடிக்கொண்டிருப்பவர்களிடம் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவை மூடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் இன்னும் இரண்டு தடவை எச்சரித்தார். ஒவ்வொரு தடவையும் பத்தியை ஆரம்பத்திலிருந்து படித்தேன். கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே ஏதோ ஒன்றை அமுக்கினேன்.

முடித்து வெளியே வந்தபோது மேசையில் கேசரி இருந்தது. "எப்படிம்மா இருந்துச்சு?" என்று எல்லாரும் கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்றேன். ஒரு கரண்டி கேசரி சாப்பிட்டேன்.

டிசம்பரில் மதிப்பெண் வந்தது. தேர்வைச் செல்லாது என்று அறிவித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் எழுதிய எந்த மாதிரித் தேர்வையும்விட மதிப்பெண் குறைவு. சட்டப் பள்ளி வழக்கமாக எதிர்பார்க்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழே. முற்றிலும் முடியாது என்றும் சொல்ல முடியாது, கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. மறுபடியும் எழுதலாம். ஆனால் எழுதிய எல்லா மதிப்பெண்களும் பள்ளிக்குத் தெரியும். இரண்டாவது தடவை இன்னும் குறைந்தால் அதையும் பார்ப்பார்கள்.

அங்கேதான் என் மனம் குழம்ப ஆரம்பித்தது. உண்மையிலேயே அந்தச் சத்தம்தான் காரணமா? நூலகத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடியபோதும் நான் நன்றாக எழுதியிருக்கிறேனே. அப்படியானால் நான் என் திறமைக் குறைவைச் செபத்தின் மேல் போடுகிறேனா? அது பாவம் இல்லையா? ஒருவேளை ஆண்டவரே என்னைத் தடுத்திருக்கலாம். மிராவுக்கு அம்மா வீட்டில் இருக்க வேண்டிய வயது இது என்று சொல்கிறாரோ? இல்லை, இது வெறும் சத்தமா? சத்தத்துக்கெல்லாம் ஆண்டவரை இழுக்கிறேனா? சோறு வடிக்கும்போது இதே யோசனை. மிராவுக்குத் தலை பின்னும்போது இதே யோசனை. ஒருநாள் ஒரு பக்கத்தில் மட்டும் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்து அலுவலகத்தில் அழுதேன்.

மதிப்பெண் குறைந்த காரணம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பிரின்ஸிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "அம்மாகிட்ட நான் சொல்லட்டா?" என்றார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை மனம் உடைந்துபோவார் என்று பயம். இதற்குள் செபக் குழுவோ அடுத்த திட்டத்தில் இறங்கிவிட்டது. திருப்பலி முடிந்து வரும் வழியில் ரீட்டா ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிளாரா, போன தடவை நாங்க அஞ்சு பேர்தான். பத்தலை. அடுத்த தடவை புக்கிட் பாஞ்சாங்ல இருந்து என் தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன். அவ கிட்டார் வாசிப்பா லா."

"சரி ஆன்ட்டி" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது நிலைமை புரிகிறதா? மறுபடி எழுதினால் கிட்டாரோடு வருவார்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி கடைசிக்குள் பதிவு செய்ய வேண்டும். எழுதாமல் விடுவதே நிம்மதி என்று தோன்றும் நாட்கள் வந்தன. அதற்கு நான் ஆண்டவர் சித்தம் என்று பெயர் வைத்தேன்.

என் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. மதிய நேரத்தில் அங்கே கூட்டம் இருக்காது. சிராங்கூன் சாலையின் ஹாரன் சத்தமும் பூக்கடைகளின் சத்தமும் கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான். அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். எழுதவா, வேண்டாமா, ஒரு அடையாளம் காட்டுங்கள் என்று கேட்டேன். ஞாயிறு மறையுரையில் எனக்கான வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அந்த ஞாயிறு பங்குத்தந்தை, கார்களைக் குறுக்கே நிறுத்தாதீர்கள் என்பதைத்தான் அதிக நேரம் சொன்னார். அதிலும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தேன். என் நிலைமை அப்படி.

ஜனவரி நடுவில் ஒரு புதன்கிழமை. கோயிலில் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. அப்போது என் வாயில் வேறு ஒரு செபம் வந்தது. நான் திட்டமிட்டுச் சொன்னது அல்ல. "ஆண்டவரே, எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அத்தையிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய் மட்டும் கொடுங்கள்." அவ்வளவுதான். எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். பெரிய சமாதானம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று மதியம் அழவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அத்தையும் நானும் சமையலறை மேசையில் இக்கான் பிலிஸ் ஆய்ந்துகொண்டிருந்தோம். நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம். மிரா மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கிளாரா, ரீட்டா கேட்டுக்கிட்டே இருக்கா. எப்போ ரிஜிஸ்டர் பண்ணப்போற? தேதி தெரிஞ்சாதான் அவ தங்கச்சி லீவு போட முடியுமாம்."

வழக்கமாக நான் பேச்சை மாற்றும் இடம் அது. அன்று மாற்றவில்லை. வார்த்தை தானாக வந்தது.

"அத்தே, போன தடவை நீங்க செபம் சொன்னது உள்ள கேட்டுச்சு. கம்ப்யூட்டர்லயும் கேட்டுச்சு. அந்த ஆளு மூணு தடவை என்னை வார்ன் பண்ணினாங்க. என்னால எழுத முடியலை."

அத்தையின் கை நின்றது. "கதவு சாத்தியிருந்துச்சே."

"சாத்தியிருந்துச்சு. இருந்தாலும் கேட்டுச்சு."

"எவ்ளோ கேட்டுச்சு?"

"பாட்டு முழுசா கேட்டுச்சு அத்தே."

"ரீட்டா குரலா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவ கோயில்லயே மைக்கைத் தள்ளி வெச்சுட்டுப் பாடுறவ" என்றார் அத்தை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்.

நான் மீதிக் கருவாட்டை ஆய்ந்தேன். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. சொல்லியிருக்கக் கூடாதோ? வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ? ரீட்டா ஆன்ட்டி பெயரைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டாமோ? மிரா மேசைக்கு அடியிலிருந்து, "பாட்டிக்குக் கோபமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சோறு வெந்து இறக்கும் நேரத்தில் அத்தை வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, இவ்ளோ நாளா இதை உள்ளயே வெச்சுக்கிட்டு எங்களுக்கு டீ வேற போட்டுக் குடுத்தியா?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..."

"வருத்தம்தான். இல்லைன்னு சொல்லலை." பிறகு, "அந்த கம்ப்யூட்டர்ல இருந்த ஆளு, கிறிஸ்டியனா?" என்றார்.

"தெரியலை அத்தே."

"எதுவா இருந்தா என்னா, செபமாலை முழுசையும் கேட்டுட்டாங்க. அவங்களுக்கும் நல்லது நடக்கட்டும்."

அதைச் சொல்லும்போது அவர் உதடு துடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருவரும் சிரித்துவிட்டோம். மிரா எதற்கென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அன்று மாலை பிரின்ஸ் வேலையிலிருந்து வந்தார். அத்தையே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "அப்போ என்னா முடிவு?" என்றார்.

"மார்ச் வேண்டாம். ஏப்ரல்ல எழுதினா, மிரா ஸ்கூல் லீவுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு வாரம் கிடைக்கும். அதுவும் வீட்டுல வேணாம், டவுன்ல சென்டர் இருக்கு, நேர்ல போய் எழுதிக்கிறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். என்ன முடிவு என்று அவர் கேட்டதற்கு, எந்த மாதம், எந்த இடம் என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வாரமாக நான் கோயிலில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்திருக்கிறது. அதன் மேல் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. நான் முதலில் கேட்ட அடையாளத்தைக் கொடுக்காமல், கடைசியில் கேட்ட வாயைக் கொடுத்தார் ஆண்டவர். பயம் விலகியதும் அடியில் இருந்தது தெரிந்தது. எனக்கு இதைத்தான் ஆண்டவர் செய்த அற்புதம் என்று சொல்லத் தோன்றுகிறது. மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை. சட்டப் பள்ளியில் இடமும் இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் நன்றி சொல்கிறேன். அடுத்த வாரமே பதிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எழுதுவது என்று முடிவான பிறகும் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நேற்றுகூட வந்தது. ஆனால் இப்போது சந்தேகத்தை அடுப்படியிலேயே அத்தையிடம் சொல்லிவிடுகிறேன். அவரும் தன்னுடையதைச் சொல்கிறார். மிராவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முட்டிவலி விடுமா என்று அவருக்கு ஒரு பயம் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இருவரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அது மாறியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லாமல் அடக்கி வைத்தது ஏதாவது இருந்தால், பெரிய அடையாளங்களைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஒன்றைச் சொல்ல வாயைக் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். எனக்கே கொடுத்தார் என்றால், உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பாரா?

அத்தை அந்தச் செவ்வாய்க்கிழமை குழுவிடம் தானே சொன்னார். என் பெயரில் பழி வராதபடி, "நான்தான் யோசிக்காம உங்களைக் கூப்பிட்டேன்" என்றாராம். அன்று மாலையே ரீட்டா ஆன்ட்டி போன் செய்தார்.

"ஏன்டி, நீ கதவைத் திறந்தப்ப நான் தம்ஸ் அப் காட்டினேன்ல? அப்பவே கையைக் காட்டி நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு என்ன?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா பாடிட்டு இருந்தீங்க ஆன்ட்டி."

"போடி. வக்கீலாகப் போறவ, ஒரு கிழவியை நிறுத்தத் தெரியலை. கோர்ட்ல ஜட்ஜ்கிட்ட என்னா பண்ணுவ?"

நான் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"சரி, விடு. நீ டவுன்ல எழுது. நாங்க உன் வீட்டுல உக்காந்து எவ்ளோ வேணா கத்துறோம். தங்கச்சியும் வரா. ஆனா ஒண்ணு. போன தடவை நாங்களா எதையோ கேட்டோம், உன்னைக் கேக்கவே இல்லை. இந்தத் தடவை நீ சொல்லு. என்னா வேணும்னு தெளிவா சொல்லு. அதையே நாங்க கேக்குறோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லலாம். ஆனால் கிடைத்தால் மிராவின் மாலைகள் பல என்னிடமிருந்து போய்விடும், அத்தையின் முட்டியும் பாவம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற மனம் வேண்டும் என்று கேட்கச் சொல்லலாம். ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசை இருக்கும்போது அப்படிக் கேட்கச் சொன்னால் அது பொய். உமது சித்தம் என்று விட்டுவிடலாம். அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டதை மேலே எழுதியிருக்கிறேனே. அலுவலகத்தில் என் முகத்தைப் பார்க்கும் அந்தத் தொழிலாளர்களுக்காகக் கேட்கச் சொல்லலாமா என்றும் தோன்றியது. அது என்னைப் பெரியவளாகக் காட்டிக்கொள்வதோ என்று உடனே கூச்சம் வந்துவிட்டது.

ஏப்ரல் முதல் வாரம் தேர்வு. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை குழு கூடும்போது என் பதிலைக் கேட்பார்கள். வாசிக்கும் சகோதர சகோதரிகளே, குறிப்பாகச் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படித்த தாய்மார்களே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். ஆறு பெண்களும் ஒரு கிட்டாரும் எனக்காகக் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். நான் எதைக் கேட்கச் சொல்லட்டும்? கோயிலில் பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள்.